கூட்டிப் போட்ட ஒரு நாள்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் தொங்கிக்கொண்டு கம்பி வடத்துக்கு கிரீஸ் போடுகிறவர். அந்த மனிதர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, ஏரிக்கரைப் பாதையில் நாலைந்து நாள் பை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறேன் என்றார். நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏரி என்றால் வாத்து நீந்துகிற ஏரி இல்லை. மறுகரை கண்ணுக்குத் தெரியாது. பாதை அறுபது கிலோமீட்டர், ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் தண்ணீர். நடுவில் மூன்று ஆறுகள் வந்து ஏரியில் விழுகின்றன. பாலம் கிடையாது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு பாறை முனை வரும். அங்கே பாதையின் அகலம் ஒரு முழம்தான். மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பினால் அலை அதன் மேல் ஏறிவிடும். கைபேசி சிக்னல் கடைசி மூன்று கிலோமீட்டரில்தான் கிடைக்கும்.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவசர உதவி எண்ணில் அழைப்பு எடுக்கிறவள். பதினோரு வருடமாக அந்த ஏரிக்கரையிலிருந்து வரும் அழைப்புகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற பெண்டாட்டிகள் கற்பனையில் பயப்படுவார்கள். நான் விவரத்தோடு பயப்படுகிறவள்.

துணைக்கு வருவதாக இருந்த என் தம்பி, பையை ஒரு முறை தூக்கிப் பார்த்த கையோடு முதுகு பிடித்துக்கொண்டது என்று கழன்றுகொண்டான். அவன் முதுகு எப்போதுமே சமயம் பார்த்துத்தான் பிடிக்கும். அதோடு இவரும் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். தனியாகவே போகிறேன் என்றார். அன்றிலிருந்து எனக்கு சாப்பாடு இறங்கவில்லை.

கூடம் முழுக்க பயண சாமான்தான். கூடாரத்தை விரித்துத் தையலைப் பார்ப்பார். குளியலறை எடைமேடையில் பையோடு ஒரு தரம், பையில்லாமல் ஒரு தரம் ஏறி நின்று கழித்துப் பார்ப்பார். பதினாலு கிலோ. நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் வரைபடத்தை எடுத்து பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவர் அதைத் தேடக்கூட இல்லை. பையின் பக்கவாட்டு அறையிலிருந்து இன்னொரு நகலை எடுத்து விரித்தார்.

அவர் தொழில் அப்படி. எதிலும் ஒன்று உபரியாக இருக்க வேண்டும். லிஃப்டுக்குள் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் அது எட்டுப் பேரோடு நின்றுவிடாது, அதற்கு மேலும் தாங்கும்படிதான் கட்டியிருப்பார்கள் என்பார். எழுதுவதற்கும் தாங்குவதற்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் ஜனங்களின் உயிர் இருக்கிறது என்று, கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தடுக்க முடியாது என்றானதும் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வீட்டில் ஒரு தாள் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். எந்த நாள் எங்கே தங்கல், எந்த ஆற்றை எத்தனை மணிக்குக் கடப்பது, சட்டை என்ன நிறம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் நான் உதவியைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். கடைசி வரியில் இப்படி இருந்தது: திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் தகவல் இல்லையென்றால் கூப்பிடவும்.

தாளைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கடைசி வரி கண்ணில் படும்.

புறப்படுவதற்கு முந்தின நாள், புதன்கிழமை காலை, உணவுப் பொட்டலங்களைக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். சுடுதண்ணீர் ஊற்றினால் சாப்பாடாகிற வகை. ஒவ்வொன்றிலும் பட்டைப் பேனாவால் நாள் எழுதியிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை, எடுத்து வரிசையாக அடுக்கினேன். வியாழன் இரவு. வெள்ளி காலை, வெள்ளி இரவு. சனி காலை, சனி இரவு. ஞாயிறு காலை. பிறகு உபரி என்று ஒன்று. ஞாயிறு இரவையும் திங்கள் காலையையும் காணோம். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். திங்கட்கிழமை திரும்புகிறவர் ஞாயிறு இரவு எதைச் சாப்பிடுவார்?

திருகாணியில் கூட உபரி வைத்துக்கொள்கிற ஆள் சோற்றில் கணக்குத் தப்பமாட்டார். இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் பொட்டலத்தைக் காட்டிக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கே பாதை முடிந்துவிடும். நான்தான் எதற்கெடுத்தாலும் பதறுகிறவளாயிற்றே. ஒரு தரம் அவர் வேலையிலிருந்து வர நாற்பது நிமிஷம் தாமதமானதற்கு மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு போன் போட்டவள் நான். அதனால் ஒரு நாளைக் கூட்டிப் போட்டிருக்கிறார்.

"எப்பவும் பண்றதுதான். கொஞ்சம் இடம் விட்டு எழுதினேன். நீ நிம்மதியா இருப்பேன்னு."

எனக்கு வந்த கோபத்துக்குப் பொட்டலத்தைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். ஆனால் வாயைத் திறந்தபோது கோபம் வரவில்லை. என் பங்கு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நானும் கூட்டித்தான் வைத்திருந்தேன். திங்கள் ஆறு மணி ஆனதும் உடனே கூப்பிட்டால் என் அலுவலகத்திலேயே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதனால் செவ்வாய் காலை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அதற்கு மேல் எங்கள் அலுவலகம் இருக்கிறது. நடக்கப் போனவர் திரும்பவில்லை என்று அழைப்பு வந்தால் நாங்கள் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. பெரும்பாலும் வந்துடுவாங்க, காலை வரைக்கும் பாருங்க. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பத்துக்கு ஒன்பது பேர் வந்தும்விடுவார்கள்.

விரல் விட்டு எண்ணினேன். அவர் ஒரு நாள், நான் ஓர் இரவு, அலுவலகம் இன்னொரு நாள். ஞாயிறு மத்தியானம் அவர் கால் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டால், தேடப் படகு கிளம்புவது புதன் காலை. மூன்று இரவுகள். மூன்று பேரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்போம்.

அப்போதுதான் அதுவரை அவரிடம் சொல்லாததைச் சொன்னேன். போன மழைக்காலத்தில் ஒரு பெண் சாயங்காலம் அழைத்தாள். அதே ஏரிக்கரை. கணவர் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்றாள். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்த நன்றிதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. மூன்றாம் நாள் அவரை எடுத்தார்கள். முதல் ராத்திரி முழுக்க உயிரோடு இருந்திருக்கிறார் என்று அறிக்கையில் இருந்தது.

ஈரத் துண்டு அவர் மடியில் கிடந்தது.

"லிஃப்டுல இடம் விட்டா ஆளு பொழைப்பான்," என்றேன். "இதுல இடம் விட்டா அந்த இடத்துலதான் நீங்க கிடப்பீங்க."

போகவேண்டாமா என்று கேட்டார். மனதாரக் கேட்டார். வேண்டாம் என்ற சொல் என் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் நான்கு சுவருக்குள் அண்ணாந்து பார்த்தே வேலை செய்த மனிதர், கரை தெரியாத தண்ணீரை ஒரு தரம் பார்க்க ஆசைப்படுகிறார். போங்க என்றேன். ஆனால் ஞாயிறு நான்கு மணி, ஒரு நிமிஷம் கூடினாலும் கூப்பிட்டுவிடுவேன் என்றேன்.

"நான் பாதை முடியற முக்குல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தா?"

"மானம் போகட்டும். படகு வந்து டீக்கடையில இருந்தே தூக்கிட்டு வரட்டும்."

சிரித்தார். எழுந்து போய்க் குளிர்பெட்டியில் இருந்த தாளில் ஞாயிறு ராத்திரித் தங்கலையும் திங்களையும் அடித்துவிட்டு, ஞாயிறு மாலை நான்கு என்று எழுதினார். அடியில் கையெழுத்தும் போட்டார், லிஃப்டைச் சோதித்துவிட்டுப் போடுகிற அதே கையெழுத்து.

வியாழன் விடிகாலை போனார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் ஒரு தட்டு விழுந்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. சனி மத்தியானத்துக்கு மேல் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. அந்நேரம் அவர் முனையைத் தாண்டியிருக்க வேண்டும். தாளில் பதினொரு மணி என்று போட்டிருந்தது.

ஞாயிறு இரண்டு மணிக்குக் கைபேசியை எடுத்து மேஜையில் வைத்தேன். இரண்டரை. மூன்று. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இந்நேரம் வந்திருக்க வேண்டும். மூன்றரைக்கு நானே அவர் எண்ணை அழைத்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நேரம் எழுதிய தாளைக் கதவிலிருந்து உரித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

நான்கு மணி. பாவம், கால் வலியில் மெதுவாக வருவார், ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று என் மனசே எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கியது. எத்தனை சுலபமாக வருகிறது பாருங்கள்.

நான்கு ஒன்றுக்கு அழைத்தேன். பதினோரு வருடம் எடுத்த எண், அன்றுதான் முதன்முறையாக நானே அழைத்தேன். எடுத்தது, போன வருடம் என்னிடம் வேலை பழகிய பெண். குரலை அவள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, என் குரல் அப்படி இருந்தது. விவரம் சொன்னேன். அவள் பொறுமையாக, நான் சொல்லிக் கொடுத்த அதே பதத்தில், நிதானமாகச் சொன்னாள்.

"பெரும்பாலும் வந்துடுவாங்கம்மா. காலை வரைக்கும் பாருங்க."

"அது நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது," என்றேன். "தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். படகை அனுப்பு."

"அக்கா?" என்றாள். பிறகு விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டது. கடைசியாகத் தங்கிய இடம் எது, எந்த ஆறு, சட்டை என்ன நிறம் என்று கேட்டாள். நான் கையிலிருந்த தாளை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.