மதுரைக்காரர் வாயிலிருந்து ஒரு "ஆ"

தென்காசிக்காரனுக்கு ஒரு பாலபாடம் உண்டு. சாரல் காலத்தில் வெளியூர்ச் சொந்தக்காரன் எவனாவது, "குற்றாலத்தில் தண்ணி விழுதா?" என்று கேட்டால், "எங்கே, பாறைதான் காயுது" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லிவிட வேண்டும். அருவியின் இரைச்சல் மேலகரம் வரை கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊரில் பாதிக் குடும்பங்களின் அரிசிப்பானை இன்னும் காலியாகாமல் இருப்பது இந்த ஒரு பொய்யின் புண்ணியத்தில்தான்.

வக்கீல் குமாஸ்தா குற்றாலிங்கத்துக்கும் இது தெரியும். தெரிந்தேதான் மதுரைச் சகலை நாறும்பூநாதனை நல்ல ஆனி மாதத்தில் வரச் சொன்னார்.

காரணம், ஒரு "ஆ".

போன தை மாதம் மதுரைக்குப் போயிருந்தபோது நாறும்பூநாதன் அவரை ஊர் சுற்றிக் காட்டினார். ஆயிரங்கால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் குற்றாலிங்கம் தன்னை மறந்து "ஆ" என்றுவிட்டார். அதோடு மானம் போயிற்று. அதற்குப் பிறகு குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இலையில் முதலில் விழுவது உப்பு அல்ல, அந்த "ஆ"தான். "நம்ம குற்றாலிங்கம் மண்டபத்துல தொறந்த வாயை, ரயிலு திருமங்கலம் தாண்டின பொறவுதான் மூடினாரு!" என்பார் நாறும்பூநாதன். பந்திக்கே புரையேறும்.

மதுரையைத் தன் பாட்டனார் கைக்காசு போட்டுக் கட்டியது போலத்தான் அவர் பேசுவார். பிறந்தது என்னவோ வாசுதேவநல்லூர். மதுரை மில் ஒன்றில் ஸ்டோர் கீப்பராகப் போன பிறகு "அங்கன, இங்கன" எல்லாம் உதிர்ந்து "அங்கிட்டு, இங்கிட்டு" முளைத்துவிட்டது.

"ஏட்டி, அவரு வாயிலேருந்து ஒரே ஒரு 'ஆ' வரணும். நீ பக்கத்துல நின்னு சாட்சியா கேக்கணும். பொறவு எந்தக் கல்யாணத்துலயும் என் தலை குனியாது" என்றார் குற்றாலிங்கம் மனைவி மங்களேஸ்வரியிடம்.

"அத்தான் வாயத் தொறந்தா ஒண்ணு வெளிய வாறதுக்கு முன்ன பத்து இட்லி உள்ள போவும். அதையும் யோசிச்சுக்கிடுங்க" என்றாள் அவள்.

சகலை வந்து இறங்கிய அன்றே ஊர்ப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனார் குற்றாலிங்கம். வாசலில் நின்று நாறும்பூநாதன் அண்ணாந்து பார்த்தார். பார்க்க அதிகம் இல்லை. இடி விழுந்து பிளந்ததாகச் சொல்லப்படும் கோபுரம், அந்நாளில் இன்னும் திரும்பக் கட்டப்படாமல் அடிப்பாகம் மட்டும் மொட்டையாக நின்றது.

"எங்க மதுரையில கட்டி முடிச்சுட்டாங்க. இங்கிட்டு எப்பம் முடிப்பிய?"

"கோபுரத்தை விடுங்க அண்ணாச்சி. வாசல்ல இப்படி நில்லுங்க. காத்து ஆளையே தூக்கிட்டுப் போவும்!"

நின்றார்கள். தென்காசியில் பிறந்தது முதல் குற்றாலிங்கத்தின் வேட்டியைப் பந்தாடிய காற்று அன்றைக்கு எங்கோ விசேஷத்துக்குப் போயிருந்தது. ஓர் இலை அசையவில்லை. நாறும்பூநாதன் துண்டை எடுத்துத் தனக்குத் தானே விசிறிக்கொண்டார்.

"எங்க மில்லுல ஃபேன் இருக்கு வே."

ஆகவே மறுநாள், சாட்சிக்கு மங்களேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு, குற்றாலம். பேரருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் நாறும்பூநாதனைக் கல்லில் உட்காரவைத்து, மண்டையில் மத்தளம் வாசித்து, முதுகில் மாவு பிசைந்து எழுப்பிவிட்டார். எண்ணெய் வழிய அவர் அருவிக்குள் போனார். குற்றாலிங்கம் கண் இமைக்காமல் பார்த்திருந்தார்.

தலையில் தண்ணீர் விழுந்தது. நாறும்பூநாதனின் கண்கள் செருகின. வாய் திறந்தது. சாதாரணத் திறப்பு இல்லை. கடைவாய்ப் பல் தெரிகிற திறப்பு.

ஆனால் அருவி இரைகிற இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. குற்றாலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். வழுக்கி உட்கார்ந்து, அரைப்படித் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

"ஏட்டி, கேட்டியா?"

"வாயத் தொறந்ததைப் பாத்தேன். 'ஆ'வா, 'ஐயோ'வா, கொட்டாவியா, யாரு கண்டா?"

வெளியே வந்த நாறும்பூநாதனிடமே கேட்டார். "அண்ணாச்சி, உள்ள என்னமோ சொன்னிய போலிருக்கே?"

"மூச்சு முட்டுச்சு வே."

"அருவி எப்படி?"

"தண்ணிதானே! எங்க ஊர்ல குழாயத் திருகினா வருது. ஆனா ஒரு தடவை குளிச்சுட்டு ஒரு ஊரைப் பத்திச் சொல்லிறப்படாது. அது பாவம். நாளைக்கும் பாப்போம்."

நாளையும் பார்த்தார். ஐந்தருவியில் நின்று எண்ணி, "நாலரை தேறும்" என்றார். சிற்றருவியைப் பார்த்து, "பேரைச் சரியா வச்சிருக்காங்க" என்றார். ஒவ்வொரு நாளும் எண்ணெய், ஒவ்வொரு நாளும் குளியல், குளித்த பசிக்குச் சட்டி காலி, பிறகு குறட்டை. சாயங்காலம் குற்றாலிங்கம் எதிரே வந்து உட்கார்ந்தால், "இன்னும் ஒரு முடிவுக்கு வரலை" என்பார். மில்லுக்குத் தந்தி போனது: உடல்நிலை சரியில்லை. உடல்நிலையோ, கன்னம் இரண்டும் பளபளத்து, சட்டைப் பித்தான் போட முடியாமல் இருந்தது. ஆடி பிறந்ததும் மனைவி வடிவாம்பாளும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். ஒருத்தர் தனியாக முடிவு செய்ய முடியாதாம்.

பக்கத்து ஜவுளிக்கடை பரீது ஆறுதல் சொல்ல வந்தார். "அண்ணாச்சி, வாயத் தொறந்து குற்றாலத்துக்கு வாங்கன்னு எவனாவது கூப்பிடுவானா? எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியுமே!"

குற்றாலிங்கம் அன்றைக்கே சரணடைந்துவிடுவது என்று தீர்மானித்தார். மானமா சோறா என்று வந்தபோது பானையைத் தட்டிப் பார்த்து முடிவெடுத்தார்.

"அண்ணாச்சி, நான் தோத்துட்டேன். மதுரைதான் ஊரு. மண்டபம் என்ன, கோபுரம் என்ன! நெனச்சாலே இப்பவும் 'ஆ'ன்னுதான் வருது. அந்த ஊரை விட்டுப்போட்டு இங்கன எதுக்குச் சங்கடப்படுதிய? சாயங்காலமே ரயிலு இருக்கு."

நாறும்பூநாதன் நெகிழ்ந்துபோனார். சகலையின் தோளில் கை போட்டார்.

"இந்த ஒரு சொல்லுக்குத்தான் வே காத்திருந்தேன். மதுரைப் பெருமையைப் பேச இங்கிட்டு ஆளு இல்லையேன்னுதான் நான் வீம்புக்கு நின்னேன். இனிமே அதை நீரே பாத்துக்கிடுவீரு. நான் நிம்மதியா குளிக்கலாம்."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வடிவு, பிள்ளையளக் கெளப்பு. இன்னைக்குப் புலியருவி!"