மூன்று சுற்று

அக்காவின் காரில் டர்போ அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் முள் ஒன்று என்ற எண்ணைத் தாண்டக் கூடாது. அந்தக் காரில்தான் தினமும் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போவாள். அவள் புருஷன் விபத்தில் போய்ச் சேர்ந்ததும் அதே காரில்தான், மேட்டுச் சாலை வளைவில். நசுங்கிய கதவை மாற்றிக் கொடுத்த மெக்கானிக் நான். விற்றுத் தொலை என்று தலையில் அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே!

"மிதிக்காமலே பாயுதுடா," என்று ஒருநாள் பட்டறைக்குக் கொண்டு வந்தாள்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ஓரத்தில் ஒரு கம்பி இருக்கிறது. அழுத்தம் அளவு மீறினால் அதுதான் சின்னக் கதவு ஒன்றைத் திறந்து புகையைத் திருப்பிவிடும். கம்பியைத் திருகிக் குட்டையாக்கினால் கதவு லேசில் திறக்காது, அழுத்தம் எகிறும், வண்டி பாயும். சரியான அளவில் வைத்ததும் நட்டின் மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பேன். எவனாவது கை வைத்தால் மாட்டிக்கொள்வான்.

கோடு உடைந்திருந்தது. திருப்பி எண்ணினேன், மூன்று சுற்று. எந்தக் கழுதையின் வேலை என்று எரிச்சலோடு சரிசெய்து புதுக் கோடு இழுத்தேன். நாலே நாளில் மறுபடி மூன்று சுற்று.

இந்தத் தடவை சரிசெய்த கையோடு காரைப் பட்டறையிலேயே பூட்டி, சாவிகளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் கோடு உடைந்திருக்கிறது. பானட்டைத் தொட்டேன், சூடாக இருந்தது.

அந்த மூன்று சுற்றுக் கணக்கு தெரிந்தது இரண்டே பேருக்கு. சாவதற்கு முதல் நாள் மாமா, "இன்னும் கொஞ்சம் ஏத்து மச்சான்," என்று நச்சரித்தார். தொல்லை தாங்காமல் மூன்று சுற்று திருகிக் கொடுத்தேன். விபத்துக்குப் பிறகு யாரும் பார்க்கும் முன் பழையபடி வைத்துவிட்டு, மூச்சுக்கூட விடவில்லை.

காரை எடுக்க வந்த அக்காவிடம் உடைந்துபோய்ச் சொன்னேன்.

"நான்தான்க்கா ஏத்தி விட்டேன். மாமா செத்தது என்னாலதான்."

அவள் அழவில்லை. "மூணு சுத்துதானே?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அவருதான், நேத்து. நீ எப்போ வாயைத் திறப்பேன்னு பார்த்துக்கிட்டிருந்தாராம்."

மேசைமேல் கிடந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பாப்பா இனிமே பஸ்ல போவா. வண்டியை நீ எடு. மேட்டு வளைவுக்கு உன்னைத் தனியா அனுப்பச் சொன்னாரு."