பதினோரு சென்டிமீட்டர்

மனிதகுலத்தின் தனிமையை ஒழிக்க ஒன்றே முக்கால் மீட்டர் பிர்ச் மரப் பெஞ்சு போதும் என்று யல்மாரி குடியிருப்புச் சங்கத்தின் வசந்தகாலக் கூட்டத்தில் அறிவித்தான். கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவன்; பின்லாந்தின் தம்பெரெ நகரத்தில் இருந்த அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் வேறு யாரும் கை தூக்காததால் சங்கத் தலைவர். படிக்கட்டில் யாராவது நடமாடினால், அவர் கடந்து போகும்வரை கதவு லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு உள்ளேயே நிற்பதுதான் அங்கே அக்கம்பக்கத்து மரியாதை. “இந்த வீடுகள்ல ஆளுங்களே இல்ல, ஒத்தைக் கண்ணுங்கதான் குடியிருக்கு” என்றான். யாரும் சிரிக்கவில்லை. எதிர்த்தால் பேச வேண்டியிருக்கும் என்பதால் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

பெஞ்சைத் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், தன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே போட்டான். ஐந்து மாதங்களில் அதில் உட்கார்ந்தவர் ஒரே ஒருவர்: மூன்றாம் மாடி ரைமோ, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முதல் வாரம் ஷூ லேஸ் கட்டுகிறவர்போல் நுனியில் உட்கார்ந்தார். அப்புறம் ஃபிளாஸ்க் வந்தது. அப்புறம் இரண்டாவது கோப்பை.

“முப்பத்தொரு வருஷம் தலைக்கு மேல ‘ஓட்டுநரோட பேசாதீங்க’ன்னு போர்டு, தலைவரே. ரிட்டையர் ஆகி வீட்டுக்கு வந்தா போர்டே இல்ல, அப்பவும் எவனும் பேசல. உன் பெஞ்சு வந்தப்புறம்தான் தம்பி, தினம் சவரம் பண்றேன்.”

இந்த வாக்கியத்தை யல்மாரி தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் சேர்த்துக்கொண்டான்.

நேற்று மதியம் கட்டட மேலாளர் மெர்வி கூப்பிட்டாள்.

“லிஃப்ட் கதவைத் திறந்து வச்சு அளந்தியா?”

“மூடி வச்சுதான் அளந்தேன்.”

“மூடின லிஃப்ட்ல யாருப்பா ஏறுவாங்க? கதவு வெளிப்பக்கமா திறக்குது. பதினோரு சென்டிமீட்டர் கொறையுது, ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நாளைக்குக் காலைல ஒம்பதுக்கு ஆளுங்க வந்து பெஞ்சை எடுத்துடுவாங்க.”

“கீழ, துணி காயவைக்கிற ரூம்ல போட்டுக்கலாமா?”

“போடு. அங்க ரைமோ காயற போர்வைங்ககிட்ட பேசட்டும். எதுவா இருந்தாலும் நீயே அவர்கிட்ட சொல்லிடு, அளந்தது நீதானே.”

சொல்லிவிடுவதென்று சாயங்காலம் கிளம்பினான். பெஞ்சைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எதுவும் இல்லை என்பது முதல் மாடியில் உறைத்தது. இரண்டாம் மாடியில், செய்தியைச் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார் என்று யோசித்தான். கத்தினால் சமாளித்துவிடலாம், “பரவாயில்ல தம்பி” என்று சொல்லிவிட்டால்? திரும்பி இறங்கினான். காலையில் சொல்வதுதான் நாகரிகம் என்று தனக்குத்தானே விளக்கினான். இரவெல்லாம் அந்தப் பதினோரு சென்டிமீட்டரை எங்கிருந்தாவது கண்டுபிடிக்க வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுவர்கள் நகரவில்லை.

இப்போது ஒன்பதாக ஐந்து நிமிடம். ரைமோ வந்துவிட்டார், புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு. ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கு, அவர் அசையாமல் இருந்ததில் அணைந்தது. கையை உயர்த்தி ஆட்டினார், எரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் யல்மாரி, கோட்டு மாட்டி, ஷூக்களைக் கையில் பிடித்தபடி நின்றான்.

வெளியே வேன் பின்னுக்கு வரும் பீப் ஒலி. நீல உடுப்பில் இரண்டு பேர் கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். ரைமோ துள்ளி எழுந்து போய்த் திறந்துவிட்டார்.

“வாங்க, வாங்க! வெளிய என்னா குளிரு! ஒரு வாய் காபி குடிச்சிட்டு அப்புறமா வேலையப் பாருங்க.”

அவசரமாகத் திரும்பி வந்து ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, இருவருக்கும் இடம் விட்டார். இரண்டாவது கோப்பையில் ஊற்றி நீட்டினார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவன் கோப்பையை வாங்கினான், உட்காரவில்லை. மற்றவன் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் படித்தான், பெஞ்சைப் பார்த்தான், பிறகு தலைவர் வீட்டுக் கதவைப் பார்த்து நேராக நடந்து வந்தான். லென்ஸுக்குள் அவன் முகம் மீன்முகம்போல வீங்கியது. மணி அடித்தது.

ரைமோவும் ஆவலோடு இந்தப் பக்கம் திரும்பினார்.

தரைப்பலகை சத்தம் போடாதபடி, யல்மாரி மெதுவாக மற்றக் காலுக்கு மாறி நின்றான்.