மூவாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு கன அடி காற்று

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் வரும் 'ஸ்கை பேலஸ்' குடியிருப்புக்குத் தரைத்தளம் போக மூன்றே மாடி. பெயருக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சங்கத் தலைவர் ரவிச்சந்திரன் தம் பேச்சால் நிரப்பி வந்தார். ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் துணைப் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அவர் வீட்டுக் கதவில் இருந்த பெயர்ப்பலகைக்கு மட்டும் இன்னும் தெரிவிக்கப்படவில்லை.

அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த கடையில்தான் வஹீதுன்னிசாவும் அவள் கணவர் ஹபிபுல்லாவும் பிரியாணி போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட மேசை நாற்காலி கிடையாது. கல்யாணம், காதுகுத்து, அலுவலக விருந்து என்று ஆர்டர் மட்டும். பூந்தமல்லியில் இருந்த பழைய இடத்தைக் கட்டடக்காரர் இடித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் இடம் தேடி அலைந்ததை நினைத்தால் வஹீதுன்னிசாவுக்கு இப்போதும் முழங்கால் வலிக்கும். விறகு அடுப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டுக்காரர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். இந்தக் கடையும் போனால் வேறு கடை கிடையாது. விறகை விட்டுக் கேஸுக்கு மாறலாமே என்று கேட்டவர்களிடம் ஹபிபுல்லா, "அப்ப அதுக்கு பேரு பிரியாணி இல்லீங்க, குழைஞ்ச சோறு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

புகை மேலே போனது. புகைக்கு வேறு வழி தெரியாது. சங்கக் கூட்டத்தில் இரண்டாம் மாடி மோகனப்பிரியா துவைத்துக் காயவைத்த தன் வெள்ளைச் சுடிதாரைக் கொண்டுவந்து எல்லோரும் முகர்ந்து பார்க்கும்படி வரிசையாகக் கைமாற்றி அனுப்பினாள்.

"பிரியாணி வாசனை வந்தாகூடப் பரவால்ல சார்" என்றாள். "வெறும் கட்டை வாசனை. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுப் பையன், வீட்டுல தீப்பிடிச்சிடுச்சான்னு கேக்கிறான்."

கடையைக் காலி செய்யச் சொல்லலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். கைகள் எழுந்தன. பின்வரிசையில் நின்ற வஹீதுன்னிசா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ரவிச்சந்திரன் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் குறைந்தது கால் மணி நேரம் என்று எல்லோருக்கும் தெரியும். எழுந்த கைகள் வலி தாங்காமல் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"இது இன்ஜினியரிங் பிராப்ளம்" என்றார் அவர். "இன்ஜினியரிங் பிராப்ளத்துக்கு ஓட்டு கிடையாது. கணக்குதான் உண்டு. எனக்கு ஒரு மாசம் குடுங்க. புகை ஒரு துளி மேல வந்தா நானே அவங்களக் காலி பண்ணச் சொல்றேன்."

கடைசி வாக்கியத்தை வஹீதுன்னிசா இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் ஒரு மாசம் கிடைத்தது. அன்று அந்த மனிதருக்குப் பேசும் வியாதி மட்டும் இல்லாதிருந்தால் சாயங்காலமே அவள் பிரியாணி அண்டாக்களான தேக்சாக்களை வண்டியில் ஏற்றியிருப்பாள்.

மறுநாள் அவர் சிவப்பு ஒளி அடிக்கிற அளவுகோலோடு வந்து சமையலறையை அளந்தார். நீளம், அகலம், உயரம். ஹபிபுல்லாவையும் ஒரு தடவை அளந்தார். அவர் நடுவில் வந்துவிட்டார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அடுப்பு எரியும்போதே, கண்ணில் நீர் வழிய மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் ஸ்கை பேலஸில் குடியிருந்தவர்களில் அந்தப் புகைக்குள் வந்து உட்கார்ந்த ஆள் அவர் ஒருவர்தான். வஹீதுன்னிசா அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

மணிக்கு இரண்டாயிரம் கன மீட்டர் காற்றை உறிஞ்சும் விசிறி வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரக்குழாய் அடிக்கிற வினோத்தின் பட்டறைக்கு அவளையும் கூட்டிப்போனார்.

"மீட்டர் கணக்கெல்லாம் இங்க கெடையாது சார்" என்றான் வினோத். "நிமிஷத்துக்கு எத்தினி கன அடி, அத சொல்லு. எஸ்டேட் பூரா அந்த கணக்குதான்."

வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகியும் அவன் அடி போகவில்லை என்று ரவிச்சந்திரன் அங்கேயே நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். வெல்டிங் நின்றது. பிறகு பேனாவை எடுத்தார். இதற்கு ஒன்று புள்ளி ஆறு ஒன்பது ஒன்பது என்று ஓர் எண் உண்டு என்றார். அதை ஒன்று புள்ளி ஏழு என்று தோராயமாகச் சொல்லித்தான் இந்த நாடு இப்படி இருக்கிறதாம். இரண்டாயிரத்தை அந்த எண்ணால் பெருக்கினார்.

"மூவாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு கன அடி."

"பெருசா கீதே சார்" என்றான் வினோத்.

"அடி சின்னது, மீட்டர் பெரிசு. சின்ன அளவுல சொன்னா எண்ணிக்கை கூடத்தான்ப்பா செய்யும். காமன் சென்ஸ்."

வினோத் காமன் சென்ஸோடு சண்டை போடுகிற ஆள் இல்லை. பெரிசு கேட்டால் பெரிசு கொடுப்பது அவன் தொழில்.

விசிறி சின்ன லாரியில் வந்து இறங்கியது. ஆகாய விமானத்திலிருந்து கழற்றியது போல் இருந்தது. முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் தரையில் கிடந்த வெங்காயச் சருகெல்லாம் எழுந்து ஊர்வலம் போல் மேலே போனது. பின்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இரண்டு பேர் இழுத்தால்தான் திறந்தது. ஹபிபுல்லாவின் தொப்பி தலையை விட்டுக் கிளம்பி மேலே கம்பி வலையில் ஒட்டிக்கொண்டது.

அவர் மொட்டைத் தலையோடு அண்ணாந்து பார்த்தார். "வஹீதா, சுவத்த கெட்டியா புடிச்சிக்கோ. கடையோட மேல போயிக்கினு கீறோம்."

"மேலதான போறோம்? போற வரைக்கும் அடுப்ப பாரு ஜாகிர் அத்தா" என்றாள் அவள், எப்போதும்போல் கணவரை மகன் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டு.

ஆனால் புகை இல்லை. கருவேலங்கட்டை எரிந்தது, மூடியின் மேல் தணல் சிவந்தது, அத்தனையும் குழாய்க்குள் போய் மொட்டை மாடிக்கு மேல் எங்கோ ஆகாயத்தில் கரைந்தது. வஹீதுன்னிசா எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முந்தானையால் கண்ணைத் துடைக்காமல் ஒரு தேக்சாவை இறக்கினாள். அன்று ராத்திரி அவள் இருமவில்லை. இருமாமல் படுத்திருப்பது புதிதாக இருந்ததால் கொஞ்ச நேரம் தூக்கமும் வரவில்லை.

மோகனப்பிரியாவே கீழே இறங்கி வந்து சொன்னாள். "இப்பல்லாம் நீங்க பிரியாணி போடுறீங்களா இல்லையான்னே தெரியல ஆன்ட்டி. ஆர்டர் பண்ண மறந்துடுது."

ரவிச்சந்திரன் தம் கணக்கை முழுவதுமாகக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போட்டார். தலைப்பு, முன்னுரை, கணக்கு, முடிவுரை, நன்றியுரை. நன்றியை அவர் தமக்கே சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு பேர் கைகூப்பினார்கள். படித்தது ஒருத்திதான்: முதல் மாடியில் இருந்த பவ்யா, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் ஏதோ ஒரு வரி போட்டாள். இரண்டு நிமிஷத்தில் அதை அழித்தும் விட்டாள். அழிக்கப்பட்டது என்ற அடையாளம் மட்டும் குழுவில் நின்றது.

வெள்ளிக்கிழமை பொட்டலம் வாங்க வந்தபோது வஹீதுன்னிசா கேட்டாள். "இன்னாம்மா எழுதின, இன்னா அழிச்ச?"

பவ்யா சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். "அங்கிள் பெருக்கிட்டாரு ஆன்ட்டி. வகுக்கணும். மீட்டர அடியாக்கினா எண்ணிக்கை கூடும், சரி. ஆனா அது மணிக்குக் கணக்கு, இது நிமிஷத்துக்கு. அறுபதால வகுத்தா அதவிட அதிகமா குறைஞ்சிடும்ல, அத மறந்துட்டாரு. அந்த ஒண்ணு புள்ளி ஆறு ஒன்பது ஒன்பதுலயே அந்த அறுபதும் அடக்கம். ஆயிரத்து இருநூறு கன அடிகூட வராது. நீங்க மாட்டியிருக்கிறது கிட்டத்தட்ட மூணு மடங்கு."

"அவரு பாத்தாரா?"

"நான் அழிக்கிறதுக்குள்ள அவரு பேருக்கு நேரா நீல டிக் வந்துருச்சு."

வஹீதுன்னிசாவுக்குக் கணக்கு பாதிதான் புரிந்தது. ஆள் முழுசாகப் புரிந்தார். தப்பை வைத்துக்கொண்டு தூங்குகிறவர் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்குள் வந்து திருத்திவிடப் பார்ப்பார். திருத்தினால் காற்று குறையும். காற்று குறைந்தால் புகை. புகை ஒரு துளி வந்தால் காலி செய்யச் சொல்லுவேன் என்று சபையில் சொன்ன வாய் அது.

சனிக்கிழமை காலை வந்துவிட்டார். கூடவே வினோத்; அவன் கையில் விசிறியின் வேகத்தைக் குறைக்கிற ஒரு பெட்டி. உள்ளே கரையான்சாவடி நிக்காஹ் ஒன்றுக்கு மூன்று தேக்சா தம்மில் இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் ரவிச்சந்திரன், யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே. "ஒரு ஃபைன் டியூனிங். எந்த சிஸ்டத்துக்கும் பண்றதுதான். சர்வதேச நடைமுறை."

"நல்லாத்தான சார் ஓடிக்கினு கீது" என்றார் ஹபிபுல்லா.

"நல்லா ஓடுறதுக்கும் கரெக்டா ஓடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு பாய்."

அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வஹீதுன்னிசா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவர் பழக்கமாக உட்கார்கிற இடத்தில் போட்டாள்.

வினோத் பெட்டியை மாட்டி, திருகை அவர் சொன்ன இடத்துக்குக் கொண்டுவந்தான். விசிறியின் ஓலம் முனகலாகச் சுருங்கியது. பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. வெங்காயச் சருகு தரையில் ஓய்வெடுத்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு அடுப்புக்கு மேலே குழாயின் வாயில் இருந்த தகரக்குடையின் விளிம்பில் புகை எட்டிப் பார்த்தது. நிதானமாக மடிந்து இறங்கியது, பழைய ஊருக்குத் திரும்பி வந்த ஆள் போல.

மேலே ஒரு ஜன்னலை யாரோ சாத்தினார்கள். அடுத்து இன்னொன்று. இரண்டாம் மாடியிலிருந்து மோகனப்பிரியாவின் குரல் கேட்டது: "ரவிச்சந்திரன் சார், கீழ இருக்கீங்களா?"

ரவிச்சந்திரன் இருமினார். நாற்காலியை விட்டு எழவில்லை. கண்ணில் நீர் வழிய, சரியான கணக்கு எழுதிய காகிதத்தைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வஹீதுன்னிசா அவரைப் பார்த்தாள். சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. ஆனால் இதே நாற்காலியில், இதே புகையில், யாரும் கேட்காமலேயே மூன்று நாள் உட்கார்ந்திருந்த மனிதர் இவர். அந்த மூன்று நாளை நினைத்ததும் சிரிப்பு வரவில்லை.

"சார்" என்றாள். "அந்தக் கணக்கு ரூமுக்குத்தான? இங்க எரியுறது கருவேலங்கட்டை. அதுக்குன்னு மொதல்லயே சேத்துத்தான நீங்க பெருசா போட்டீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். புகைக்குள் ஒரு முகம் மட்டும் மெல்ல நிமிர்ந்தது.

"எங்களுக்கு சொன்னா புரியாதுன்னு சொல்லாம வுட்டுட்டீங்க" என்றாள் அவள்.

"ஆமா" என்றார் ரவிச்சந்திரன். குரல் முதலில் தயங்கியது. பிறகு தன் பழைய கனத்தைத் தேடி எடுத்துக்கொண்டது. "ஆமாம்மா. மார்ஜின். டிசைன் மார்ஜின்னு சொல்லுவோம். பேப்பர்ல வர்றத அப்படியே வைக்கிறவன் குமாஸ்தா. இன்ஜினியர் மார்ஜின் வைப்பான்."

"எவ்ளோ வெச்சிருக்க சார்?" என்று வினோத் கேட்டான்.

"டூ பாயிண்ட் எய்ட் எய்ட் செவன்."

ஹபிபுல்லா தேக்சா மூடிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வினோத் பெட்டியைக் கழற்றினான். விசிறி பழையபடி ஓலமிட்டது, கதவு அறைந்து சாத்திக்கொண்டது, புகை வந்த வழியே அடக்கமாகத் திரும்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மார்ஜின் பற்றி ரவிச்சந்திரன் முக்கால் மணி நேரம் பேசினார். அது தம் பெயராலேயே அழைக்கப்படுவதில் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார். பவ்யா மடியில் இருந்த செல்போனைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாக்கெடுப்பு. கடை இருக்கட்டும் என்று எல்லாக் கையும் எழுந்தது. பேச்சு மறுபடி தொடங்கிவிடக் கூடாது என்று சில கைகள் இரண்டாக எழுந்தன. மோகனப்பிரியா, வெள்ளிக்கிழமை தோறும் ஆர்டரை யாராவது தனக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டாள்.

வஹீதுன்னிசாவைப் பேசச் சொன்னார்கள். எழுந்தாள். சபையில் பேசிப் பழக்கமில்லை.

"அன்னிக்கு எல்லாரும் கையத் தூக்கினாங்க. எங்கள போகச் சொல்லித்தான். அது தப்புன்னு சொல்ல மாட்டேன். பொகை அப்படி. சார் மட்டும் கணக்கு போடணும்னாரு. எங்களுக்குன்னு ஒருத்தரு ஒக்காந்து கணக்கு போட்டது இதான் மொத தடவ. அதுக்கு நன்றி சார்."

பதிலுக்கு ரவிச்சந்திரன் எழுந்தார். எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து தயாரானார்கள். அவர் தொண்டையைச் செருமினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி செருமிவிட்டு, "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஸ்கை பேலஸ் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் வஹீதுன்னிசா வீட்டுக்கு வந்து அஸர் தொழுதாள். முடித்ததும் கையேந்தினாள். கடைக்காக நன்றி சொன்னாள். இருமாத ராத்திரிக்காகவும், வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்ட பவ்யாவுக்காகவும், கேட்டதைக் கேள்வி கேட்காமல் அடித்துக் கொடுத்த வினோத்துக்காகவும் சொன்னாள். காற்றைக் கொடுக்கிறவனுக்குக் கன அடியும் கன மீட்டரும் ஒன்றுதான். மணி என்ன, நிமிஷம் என்ன. பிறகு ரவிச்சந்திரன் சாருக்காக நீண்ட ஆயுசையும் நல்ல ஆரோக்கியத்தையும் கேட்டாள். கணக்கில் திருத்தம் எதுவும் கேட்கவில்லை.