பெருக்காத இடம்

இருட்டு இன்னும் முழுசாக வடியவில்லை. பெரிய சாலையில் ஐந்து விளக்குமாறுகள் ஒரே தாளத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தன. நீளக் கம்பின் நுனியில் கட்டிய விளக்குமாற்றை இடுப்பிலிருந்து வீச வேண்டும். தோளிலிருந்து வீசினால் மத்தியானத்துக்குள் தோள் கழன்றுவிடும். புழுதி மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, எச்சிலைக் கறுப்பாக்கியது. முந்தைய நாள் நகரம் தின்றது, குடித்தது, துப்பியது எல்லாம் ஓரத்தில் குவிந்தன. எதைக் கீழே போட்டாலும் விடிந்தால் காணாமல் போய்விடும் என்று நகரத்துக்கு ஒரு நம்பிக்கை. கடவுள் நம்பிக்கையைவிட உறுதியானது அது, ஒருநாளும் பொய்த்ததில்லை.

வரிசையின் கடைசியில் கட்டையன். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டதால் அந்தப் பெயர். அவனுக்கு முன்னால் அவன் அண்ணி. அண்ணன் ஒப்பந்தக்காரர் ஒருவருக்காகச் சாக்கடைக் குழிக்குள் இறங்கி ஏறாமலே போனபின், இரண்டு பெண் குழந்தைகளுக்காக அதே ஒப்பந்தக்காரரிடம் விளக்குமாறு பிடித்தவள்.

"தம்பி, கொஞ்சம் குனிங்க. நீங்க பெருக்குறதப் பார்த்தா விளக்குமாறுதான் உங்களை இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு."

"காலங்காத்தால என் உயரத்துமேல கண்ணு வைக்காதீங்க அண்ணி."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், முதலில் பாட்டு வந்தது, பின்னாலேயே கார் வந்தது.

வெள்ளைக் கார். குப்பைத் தள்ளுவண்டியை அப்பளமாக நொறுக்கி, அண்ணியைத் தூக்கி, சாலை நடுவிலிருந்த சிமெண்ட் சுவரோடு வைத்து நசுக்கிற்று. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அது கால் என்று புரிய எல்லோருக்கும் ஒரு கணம் பிடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, விடியலின் வெளிச்சத்தில் வெள்ளையாக நின்றது.

கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர் ஒப்பந்தக்காரரின் மாப்பிள்ளை. கையிலிருந்த புட்டி நழுவி உடைந்தது. அதற்குத்தான் அவர் முதலில் வருத்தப்பட்டார்.

"ரோட்டை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அறிவிருக்கா?" என்றவர், சுவரைப் பார்த்தார். தன் செருப்பின்மேலேயே வாந்தி எடுத்தார். பிறகு காரில் ஏறிப் பின்னுக்கு எடுத்தார். கால் காரோடு கொஞ்ச தூரம் இழுபட்டது. அண்ணி கத்தியதில் சொல் எதுவும் இல்லை. கார் போய்விட்டது.

கட்டையன் துண்டால் தொடையை இறுக்கிக் கட்டினான். இரண்டு பேர் இன்னொரு தள்ளுவண்டியில் அவளைக் கிடத்தி, குப்பையோடு குப்பையாக ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு ஓடினார்கள். பின்னால் ஓடப்போன கட்டையனை, வேலை வாங்கும் மேஸ்திரி பிடித்து நிறுத்தினார்.

"எல்லாரும் போயிட்டா ரோட்டை யாருடா பார்க்கிறது? ஆபீஸ் ஜனம் வர்ற நேரம்."

விசிலும் ஊதினார். அந்த விசிலுக்குக் கட்டையனின் கை பல வருஷமாகப் பழகியிருந்தது. மூளை அழுதுகொண்டிருக்க, கை பெருக்கிற்று. உடைந்த விளக்குக் கண்ணாடி, புட்டிச் சில்லு, காரின் முன்பக்கத்திலிருந்து பெயர்ந்த தகடு, எல்லாவற்றையும் அள்ளினான். இரத்தத்தின்மேல் மணல் போட்டுக் கூட்டினான். வாந்தியையும் கழுவினான். அந்தச் சாலை அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை.

வெயில் ஏறியபின் வந்த போலீஸ்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கய்யா ஆக்சிடெண்ட்?"

"இங்கதான் சார்."

"இங்கயா? சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கு!"

அப்போதுதான் கட்டையன் தன் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தான்.

மாப்பிள்ளை மறுநாள்தான் அகப்பட்டார். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாத உத்தமர் என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. கார் ஒரு வாரமாகவே பட்டறையில் கிடக்கிறது என்று பட்டறை சொன்னது. பார்த்த நான்கு பேரும் கூலி உயர்வு கேட்டவர்கள், ஆகவே பொய்யர்கள் என்று மேஸ்திரி சொன்னார். அண்ணியின் கால் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அதை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்திருந்தார்கள்.

ஒப்பந்தக்காரர் மேஸ்திரியோடும் ஆரஞ்சுப் பழங்களோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"செலவை நான் பார்த்துக்கிறேன்மா. வண்டி சாஞ்சு, தவறி விழுந்துட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு. நஷ்டஈடு, கேஸுன்னு அலைஞ்சா உன் பொண்ணுங்க கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்துருவாங்க."

"நான் விழல ஐயா. இடிச்சாங்க."

"ஒளிரும் சட்டை ஏன் போடல? போட்டிருந்தா தூரத்துலயே தெரிஞ்சிருக்குமே."

"யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? கார்தான் பட்டறையில கிடந்துச்சே!" என்றான் கட்டையன்.

பழத்தை உரித்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் கை நின்றது. கட்டையன் விடவில்லை.

"அந்தச் சட்டையும் எங்ககிட்ட ஏதுங்க? அதிகாரி வந்தப்ப மாட்டிவிட்டு போட்டோ எடுத்தீங்க. அவர் கார் திரும்புறதுக்குள்ள கழட்டி மடிச்சு வாங்கிட்டீங்க. வேர்வை பட்டா துவைக்கணும்னு திட்டு வேற."

"வாய் நீளுது உனக்கு."

"ஆளே நீளங்க."

ஒப்பந்தக்காரர் போனதும் அண்ணி ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்தாள். கடைசிப் பழம் சிதறியபின் சொன்னாள்: "கால் இருந்த இடம் எரியுது தம்பி. இல்லாத கால் எப்படி எரியும்? எம் பொண்ணுங்க சோறு திங்கணும். இடிச்சவன் கொடுக்கணும். பிச்சையா வேணாம், கோர்ட்டு மூலமா வரணும்."

வக்கீலம்மாவின் அறையில் மின்விசிறி சுற்றியதைவிட அதிகமாக முனகிற்று. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கார் அங்க இருந்துச்சுன்னு காட்டணும். உடைஞ்ச துண்டு ஏதாவது?"

"இருந்துச்சுங்க. பெருக்கிட்டேன்."

"குடிச்சிருந்ததுக்குப் புட்டி?"

"பெருக்கிட்டேன்."

"இரத்தக் கறையாவது?"

"மணல் போட்டுக் கூட்டிட்டேன்." வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எதிர்த்தரப்புக்கு இவ்வளவு விசுவாசமா வேலை பார்த்தவங்களை நான் பார்த்ததே இல்ல."

வெளியே வந்து படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். குப்பைக் கிடங்கில் பிரித்தெடுக்கும் வேலை செய்யும் அவன் மனைவி பக்கத்தில் நின்றாள். அவள் உள்ளங்கையில் பழைய வெட்டுக் காயம் ஒன்று பளபளத்தது. அதைப் பார்த்ததும் அவன் அடிப்பதை நிறுத்தினான்.

அவள் கை கிழிந்த நாளிலிருந்து அவர்கள் கும்பலில் ஒரு வழக்கம். கண்ணாடியையும் கூரான தகட்டையும் மற்றக் குப்பையோடு சேர்க்க மாட்டார்கள். தனி மூட்டையாகக் கட்டி, வாயில் சிவப்புத் துணி முடிந்து அனுப்புவார்கள். கிடங்கில் அந்த மூட்டைகளைப் பெண்கள் மேற்கு மூலையில் ஒதுக்கி வைப்பார்கள். யாரும் உத்தரவு போட்டதில்லை. கிழிபடும் கையெல்லாம் நம்ம ஆட்களுடையது, அவ்வளவுதான்.

"அன்னைக்கும் கட்டினியா?" என்றாள் அவள்.

"கைதானே பெருக்குச்சு. அதே கைதான் கட்டியும் இருக்கும்."

இருவரும் கிடங்குக்கு ஓடினார்கள். மேற்கு மூலையில் மூட்டை இருந்தது. ஓட்டை வழியே வெள்ளை வர்ணம் பூசிய தகடு எட்டிப் பார்த்தது. வக்கீலம்மா போனில் அலறினார்: "தொடாதீங்க! கோர்ட்டுல மனு போட்டு, அவங்க அனுப்புற ஆளைக் கூட்டிட்டு வர்றேன். அவர் முன்னாடிதான் பிரிக்கணும். அதுவரைக்கும் அது அங்கயே இருக்கணும்."

அந்தச் சேதி மேஸ்திரியின் காதுக்கும் போயிற்று. மறுநாள் மத்தியானம் மண் தள்ளும் இயந்திரமும், ஒரு வேன் நிறைய ஆட்களும், ஒப்பந்தக்காரரும் வந்தார்கள்.

"மேற்கு மூலையை மூடுங்க. சுகாதாரக் கேடு," என்றார் ஒப்பந்தக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

கட்டையன் மூட்டைக்கு முன்னால் போய் நின்றான். பெண்கள் குப்பை கிளறும் கொக்கிகளோடு வந்து சேர்ந்தார்கள்.

முதல் இரும்புக் கம்பி கட்டையனின் வாயில் விழுந்தது. பல் உடைந்து நாக்கில் உருண்டது. இரண்டாவது, அவனுக்குப் பக்கத்தில் நின்றவளின் முன்கையில் இறங்கியது. கை வளையக் கூடாத இடத்தில் வளைந்தது. அவன் விளக்குமாற்றை இடுப்பிலிருந்து வீசினான். ஒருவன் தாடை பிடித்துக்கொண்டு அழுகல் குவியலில் மல்லாந்தான். இன்னொருவன் கட்டையனின் கழுத்தை நெரிக்க, அவன் மனைவி கொக்கியை நெரித்தவனின் கெண்டைக்காலில் இறக்கி இழுத்தாள். சதை பிய்ந்து வந்தது. புகையும் புழுதியும் ஊளையுமாக அந்த இடம் கொதித்தது.

"ஏறுடா! மேல ஏத்துடா!" என்று ஒப்பந்தக்காரர் இயந்திரத்தைப் பார்த்துக் கத்தினார்.

இயந்திரம் உறுமி நகர்ந்தது. பெண்கள் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மண் தள்ளும் முன்தகட்டின் விளிம்பு ஒருத்தியின் முழங்காலைத் தொட்டு நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். சாவியைப் பைக்குள் போட்டார்.

"ஏன்டா நிறுத்தின?"

"மண்ணு தள்ளத்தாங்க வாடகை பேசினீங்க. மனுசங்களைத் தள்ளப் பேசலயே." அவர் இறங்கிப் பெண்களின் பக்கம் வந்து நின்று பீடி பற்றவைத்துக்கொண்டார்.

அந்நேரம் கிடங்கு வாசலில் தள்ளுவண்டிகளின் கடகடப்பு கேட்டது. மற்ற வட்டாரங்களின் ஆட்கள், குப்பையைக் கொட்ட வந்தவர்கள். பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். வண்டிகளை வேனுக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். விளக்குமாறுகள் நிமிர்ந்தன. வந்த அடியாட்கள் தங்களில் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்கள்.

"நாளையிலருந்து ஒருத்தனுக்கும் வேலை கிடையாது!" என்றார் ஒப்பந்தக்காரர்.

"சரிங்கய்யா," என்றான் கட்டையன், இரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "நாளைக்கு ஊரை நீங்களே பெருக்கிடுங்க. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. சட்டை போட்டுட்டு வரச் சொல்லுங்க, ஒளிரட்டும்."

சிரிப்பு எழுந்தது. கை உடைந்தவளும் சிரித்து, வலியில் அழுது, மறுபடி சிரித்தாள்.

வக்கீலம்மா போனில் சொன்னார்: மனுவை ஏற்றுக்கொண்டார்கள், காலையில் ஆள் வருவார். வழக்கு நடக்கும், இழுக்கும், தோற்றாலும் தோற்கலாம். கட்டையன் அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னான். "மூட்டைய விட்டு நகராதீங்க தம்பி," என்றாள் அவள். "நான் எந்திரிச்சு வர்ற வரைக்கும்."

அவன் போனை மடியில் செருகினான். தரையெங்கும் இரத்தம், உடைந்த கம்பி, யாருடையவோ ஒரு செருப்பு, அவனுடைய பல். அவன் கை தானாகவே விளக்குமாற்றை எடுத்துவிட்டது.

மனைவி அவன் மணிக்கட்டில் ஒன்று போட்டாள்.

"வை அதைக் கீழ. எல்லாம் கிடக்கட்டும். வர்றவங்க பார்க்கட்டும்."

கட்டையன் விளக்குமாற்றைக் கீழே வைத்தான். மூட்டையைச் சுற்றி எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.