கெபித் திருப்பத்தில் கேட்ட சத்தம்

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். மெக்கானிக் அர்ச்சுனன் எங்கள் வாசலில் அந்த மோட்டார் சைக்கிளை விடாமல் உதைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வாயை நான் அடக்கவே இல்லை.

"ஏங்க, வண்டிய உதைக்கிறீங்களா, எங்க உசுர உதைக்கிறீங்களா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா. புது பிஸ்டன், இறுக்கமாத்தான் இருக்கும்."

வண்டி என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸுடையது. அதில்தான் சித்தேரி அடிவாரம் வரை போய்ப் புளி வாங்கி வருவார். ஒருநாள் எஞ்சின் புகையடித்து நின்றுபோக, காரிமங்கலத்தில் அர்ச்சுனன் பட்டறையில் விட்டார். அங்கே எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த சமயத்தில் இவருக்கு மஞ்சள் காமாலை. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடியில் அவரைப் புதைத்தோம்.

அவருடைய அம்மா இன்னாசியம்மாளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. வண்டி மாதா சிலை வைத்த கெபி திருப்பத்துக்கு வரும்போதே, "இசபெல்லா, தட்டு வை, வந்துட்டான்" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை. மகன் போன பிறகு அத்தை சரியாகச் சாப்பிடவே இல்லை. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"கல்லறைத் திருநாளுக்குள்ள அந்த வண்டிச் சத்தத்த ஒரு தடவ கேட்டுடணும்மா."

நான் பட்டறைக்கே போனேன். "பழசு ஒண்ணும் இருக்கக்கூடாதுங்க. உள்ள எல்லாம் புதுசா மாட்டுங்க" என்றேன். என் வீட்டுக்காரருக்குச் செய்யக் கிடைத்த கடைசி வேலை. அதில் குறை வைக்க மனசு வரவில்லை.

அர்ச்சுனன் வாசலில் உதைத்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் கல்லறைத் திருநாள். அத்தை மெழுகுவத்தியைக் கையில் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். வண்டியோ அசைந்து கொடுக்கவில்லை.

அர்ச்சுனன் பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, எஞ்சின் மேல் வைத்து உதைத்தார். நீலமாகப் பொறி பறந்தது.

"பெட்ரோலும் வருது, கரண்டும் வருது. அப்புறம் என்ன கேடு இதுக்கு?"

"அத நீங்கதான் சொல்லணும்."

பிளக்கை மாட்டி மறுபடி உதைத்ததும் சைலன்சரில் டொப்பென்று ஒரு வெடி. அர்ச்சுனன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"டைமிங் தப்புக்கா! பொறி பிந்தி வருது. உள்ள இருக்குற டைமிங் பல்சக்கரத்த ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன்."

எஞ்சின் மூடியைத் திறந்து பல்சக்கரத்தைச் சரியாக மாட்டினார். ஒரே உதை. வண்டி பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்லா இருப்பீங்க என்று வாழ்த்தி, கெபி திருப்பம் வரை ஓட்டிப் போய்விட்டு வரச் சொன்னேன்.

போய்த் திரும்பினார். அத்தை காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"யாரோ வேற வண்டியில வர்றாங்க இசபெல்லா. என்னன்னு கேளு."

"ஐயோ அத்தை, நம்ம வண்டிதாங்க!"

"இல்லடி. நம்முது டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே வரும்."

அர்ச்சுனன் பெருமையாகச் சொன்னார்: "அது பிஸ்டன் தேஞ்ச சத்தம் ஆயா. புதுசு போட்டதுல சுத்தமா போயிருச்சு."

"அந்தப் பழசு?"

"உருக்க எடுத்துட்டுப் போயிட்டாங்களே ஆயா."

எல்லாம் புதுசாக வேண்டும் என்று கேட்டது என் நீள வாய்தான். வண்டியை நிறுத்தும்படி கையைக் காட்டினேன்.

அத்தை சுவரைத் தடவி எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வா, கல்லறைக்குப் போலாம். அவன் அங்கதான் இருக்கான்."