ஒரே அளவு கரண்ட்

அங்கம்மாளுக்கும் ஆதிலட்சுமிக்கும் கர்ப்பப்பை வாயில் கட்டி என்று ஒரே மழைக்காலத்தில் தெரிந்தது. காவாந்தண்டலத்து ஏரிக்கரையோர இருளர் குடிசைகளில் ஒன்று அங்கம்மாளுடையது. அவள் நடவுக்குப் போகிற நிலமெல்லாம் ஆதிலட்சுமியின் கணவர் ராஜாராமுடையது. அதுவரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தார்கள்.

கதிர் சிகிச்சையை அங்கே எல்லோரும் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொன்னார்கள். அடிவயிற்றில் மையால் கோடு போட்டுப் படுக்கவைத்து, கனத்த கதவை மூடிக்கொண்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். மெஷின் உறுமும். வலிக்கவே வலிக்காது. அதுதான் அங்கம்மாளுக்குப் பயமாக இருந்தது.

சில வாரங்களில் அங்கம்மாளுக்கு வயிறு போனது, தோல் கறுத்தது. அதோடு நின்றது. ஆதிலட்சுமிக்கோ தொடையிடுக்கில் தோல் வெந்து உரிந்தது. பாவாடை புண்ணோடு ஒட்டிக்கொண்டது. மலத்தோடு ரத்தம் போனது. பஸ்ஸில் உட்கார முடியாமல் போகவே, ராஜாராம் வாடகைக் கார் பிடித்தார். அவளைத் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமென்று அங்கம்மாளையும் ஏற்றிக்கொண்டார்.

"உனக்கு எரியிலியாடி?" ஆதிலட்சுமி அவள் தோளில் சாய்ந்தபடி கேட்டாள்.

"எரியிதும்மா. இம்மாம் இல்ல."

அன்று ராஜாராம் டாக்டர் பிரபாவின் அறைக்குள் கத்தினார். "எங்க நெலத்துல வேல செய்யறவ நல்லாகீறா. எம் பொண்சாதிய மட்டும் இன்னாத்துக்கு இப்டி சுட்டு வச்சிகிறீங்க? கரண்ட அதிகமா வச்சிட்டீங்களா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதாங்க" என்றாள் பிரபா. "கதிர் கட்டியையும் சுடும், பக்கத்துல இருக்கிற நல்ல சதையையும் சுடும். அடுத்த நாளுக்குள்ள நல்ல சதை தேறிக்கும், கட்டி அந்த அளவுக்குத் தேறாது. அத நம்பித்தான் தினம் கொஞ்சம் கொஞ்சமா வைக்கிறோம். இவங்க உடம்புல நல்ல சதையும் தேறல. எப்பவாவது ஒருத்தருக்கு இப்படி ஆயிடும்."

"மொதல்லயே தெரியாதா?"

"முன்னாடியே கண்டுபிடிக்க எங்ககிட்ட டெஸ்ட் இல்லைங்க."

ஆதிலட்சுமிக்குச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். புண் ஆறினால் பார்க்கலாம் என்றார்கள். புண் ஆறவில்லை. கட்டி காத்திருக்கவில்லை. அங்கம்மாள் மட்டும் பஸ் ஏறிப் போய் மிச்சத்தையும் முடித்துக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் மத்தியானம் ஆதிலட்சுமி ஆள்விட்டு அழைத்தாள். அந்த வீட்டின் கொல்லைப்புறம்தான் அங்கம்மாளுக்குப் பழக்கம். படுக்கையறை வரைக்கும் போனது அதுதான் முதல் தடவை. சீழ் நாற்றத்தை மீறி ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"உன் வயித்தக் காட்டுடி."

அங்கம்மாள் தயங்கினாள். பிறகு புடவையை விலக்கினாள். கறுத்த தோல் உதிர்ந்து, அடியில் புதுத்தோல் தெரிந்தது. ஆதிலட்சுமி கையை நீட்டி அதைத் தடவினாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கை தானாக நீண்டு அவளைத் தொட்டதில்லை.

"ஆறிடுச்சே" என்றாள்.

ஆசையா, ஆற்றாமையா என்று அங்கம்மாளுக்குப் பிடிபடவில்லை. கை விலகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். தைக்கு முன்னால் ஆதிலட்சுமி செத்துப்போனாள்.

களையெடுப்புக்கு ஆள் எடுத்தபோது அங்கம்மாளும் வரப்பில் போய் நின்றாள். ராஜாராம் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ வராத. உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியிது. வேற எங்கனா போ."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அன்றிலிருந்து ஐயங்கார்குளம் பக்கம் வேலை தேடிப் போனாள்.

மறு பரிசோதனையில் பிரபா அவளைச் சோதித்துவிட்டுக் கட்டி தெரியவில்லை என்றாள். "உன்கூட வருவாங்களே, அவங்க?"

"செத்துட்டாங்கம்மா."

பிரபா கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டாள்.

"அதே கரண்ட்டுதான? எனக்கு மட்டும் எப்டிம்மா தேறுச்சி?"

"தெரியலம்மா" என்றாள் பிரபா.

அங்கம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு கட்டிலை விட்டு இறங்கினாள். வெளியே பெஞ்சில் மெஷின் அறைக்குப் போகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் அவர்களைத் தாண்டிப் போனாள்.